கோயில் காரும் இன்னாசியின் விளக்கும்

இன்னாசியின் வள்ளம் நாலு பேரோடு கடலில் மூழ்கிப்போன இருபத்தோராம் நாள் காலையில், புன்னைத்துறை மாதா கோயிலுக்குச் சொந்தமான வெள்ளைக் கார் செல்ப் எடுக்கவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. உப்புக்காற்று இரும்பையே அப்பளமாக நொறுக்கித் தின்கிற ஊரில் ஒரு பேட்டரி எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டு, கார் ஓட்டுகிற லாசர் வேட்டியை மடித்துக் கட்டித் தொபியாஸைக் கூட்டிவரப் போனார்.

தொபியாஸுக்கு வயது ஐம்பத்திநாலு. கோயிலுக்குப் பின்னால் ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டின தகரக் கொட்டகைதான் அவருடைய பேட்டரிக்கடை. வள்ளங்களின் பேட்டரி, கோயில் காரின் பேட்டரி, மைக்செட்டின் பேட்டரி எல்லாம் அங்கேதான் சார்ஜுக்கு வரும், எல்லாம் ஒரே அளவு, ஒரே உயரம். அதனால் அந்த ஊரில் பேட்டரிக்கு மட்டும் என்னுது உன்னுது என்கிற பேதம் கிடையாது. யாருக்கு அவசரமோ அவருக்கு நிறைந்து கிடக்கிறதைத் தூக்கிக் கொடுப்பார், காலியானதை அதன் இடத்தில் வைப்பார், மறுநாளோ மறுவாரமோ மாற்றிக்கொள்வார், ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எது யாருடையது என்று தெரிய மூலையில் பெயிண்டால் ஒரு அடையாளம் இருக்கும், அதையும் அவர் ஒருவர்தான் பார்ப்பார்.

முதல்நாள் டெர்மினலில் பூத்திருந்த நீலப்பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாசலின் தடவி முடுக்கினார். மறுநாள் காலையில் பேட்டரி காலி. டைனமோவைப் பார்த்தார், அது பிசகில்லாமல் சார்ஜ் ஏற்றியது. மறுநாளும் காலி. பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டதோ என்று டவுனிலிருந்து புதுசு வாங்கிவந்து மாட்டினார்கள், விடிந்து பார்த்தால் அது பிறந்த அன்றைக்கே செத்த பிள்ளை மாதிரிக் கிடந்தது. எங்கேயோ ஒரு வயர் ராத்திரியில் திருட்டுத்தனமாகக் குடிக்கிறது என்றார் தொபியாஸ். ஒரு லாம்பில் ரெண்டு வயரை முறுக்கி, பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவே கொடுத்துப் பார்த்தார். பகல் முழுக்க லாம்ப் எரியவில்லை. குடிக்கிறவன் பகலில் வரமாட்டான் என்று சொல்லிவிட்டு, கோயில் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அந்தி மணி அடித்தது. மூன்றாவது அடி ஓய்வதற்குள் அவர் கையிலிருந்த லாம்ப் எரியத் தொடங்கிற்று.

அவர் பதறவில்லை. இப்படி எரிந்தால் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கவேண்டும், எதைப் பிடுங்கும்போது லாம்ப் அணைகிறதோ அங்கேதான் கோளாறு, அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. ஹாரனுக்குப் போகிற பியூஸைப் பிடுங்கி லாசர் உள்ளங்கையில் வைத்தார், ரேடியோவுக்குப் போகிறதைப் பிடுங்கி வைத்தார், ஹெட்லைட், உள்விளக்கு, துடைப்பான், காற்றாடி என்று ஒன்று விடாமல் பிடுங்கி வைத்தார், லாசர் கை நிறைந்துபோயிற்று, லாம்ப் இமைக்காமல் எரிந்தது. டைனமோ வயரைக் கழற்றினார், எரிந்தது. கடைசியில் காரின் எல்லா வயரையும் பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டு, லாம்பின் ஒரு முனையை மட்டும் பேட்டரியில் வைத்து, மறுமுனையை எதிலும் தொடாமல் வெறும் காற்றில் நீட்டிப் பிடித்தார். அப்போதும் எரிந்தது. முனையை மேற்கே ரோட்டுப்பக்கம் திருப்பினால் சிவந்து மங்கியது, கிழக்கே கடல்பக்கம் திருப்பினால் பால்மாதிரி வெளுத்தது.

லாசர் கையில் பியூஸுகளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்" என்றார்.

"இருக்கும்" என்றார் தொபியாஸ்.

அந்த நேரத்தில்தான் கரையில் மீன் காயவைத்திருந்த பெண்கள் கடலைப் பார்த்து எழுந்து நின்றார்கள். கிழக்கே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பச்சையும் மஞ்சளும் கலந்த விளக்கு. அந்த நிறத்தில் அந்தக் கரையில் ஒரே ஒரு விளக்குதான் உண்டு. இன்னாசியின் வள்ளத்து விளக்கில் கண்ணாடி உடைந்துபோய், அவர் கஞ்சத்தனத்துக்குப் புதுசு வாங்காமல் ஒரு பச்சை சோடாப் பாட்டிலை அறுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்.

மறுநாளே பத்து வள்ளங்கள் அந்த விளக்கைத் தேடிப் போயின. இவர்கள் ஒரு மைல் போனால் அது ஒரு மைல் விலகிற்று. கடல் போலீஸ் படகும் போய், டீசலைத் தீர்த்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற ஆனால் இல்லாத விளக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிற்று. காரின் பேட்டரி நிறைந்திருந்த அந்தியில் விளக்கு தெளிவாக எரிவதையும், சார்ஜ் குறைந்த அன்றைக்குக் கோழித்தூக்கம் தூங்கி விடியுமுன்னே அணைவதையும் பெண்கள் ரெண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். காரிலிருந்து பேட்டரியை இறக்கி வைத்த அன்றைக்குக் கடல் இருட்டாகக் கிடந்தது, இன்னாசி பெண்டாட்டி கோயில் வாசலில் விழுந்து கிடந்தாள், இறக்கினதைத் திரும்ப ஏற்றிய பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியார் பூசை முடிந்து, ரெண்டு கல்யாண ஓலையை வாசித்து, கோயில் கூட்டுகிற முறை யாருக்கு என்பதையும் சொல்லிவிட்டு, அதே குரலில் இதையும் சொன்னார்: கோயில் கார் பகலில் ஊருக்கு, அந்தி மணியிலிருந்து விடியல் மணி வரை இன்னாசியின் விளக்குக்கு. தெரு முறை வைத்து, முறைக்காரர்கள் சாயங்காலம் நிறைந்த பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து காரில் வைக்கவேண்டும், காலையில் காலியானதை எடுத்துக்கொள்ளவேண்டும்.

அப்படியே அது ஊரோடு கலந்துபோயிற்று. மேலத்தெரு திங்களும் செவ்வாயும், சிலுவைத்தெரு புதனும் வியாழனும், மிச்சம் கீழத்தெரு. பெண்கள் அந்திச் செபத்தைக் கரையில் வந்து சொன்னார்கள். மீனவர்கள் விளக்கை அடையாளமாக வைத்து, இன்னாசிக்குத் தெற்கே கணவாய் மீன் கிடக்கிறது, இன்னாசிக்கு வடக்கே நீவாட்டு நீரோட்டம் இழுக்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது இந்த மனுஷன் நேரத்துக்கு விளக்குப் போட்டானா, செத்த பிறகு என்ன ஒழுங்கு பார் என்று இளவட்டங்கள் சொல்லிச் சிரித்ததில் இன்னாசியின் மகனும் சேர்ந்து சிரித்தான். வடக்கே ரெண்டு ஊர் தள்ளி, போன வருஷப் புயலில் ஏழு பேரைத் தொலைத்தவர்கள் ஏழு பேட்டரியைத் தலைச்சுமையாகத் தூக்கிவந்து, எங்கள் ஆட்களுக்கும் சேர்த்து இதில் மாட்டிவிடுங்கள் என்று கேட்டார்கள். மாட்டிப் பார்த்தார்கள். அந்த ஏழு பேருக்கு ஒன்றும் எரியவில்லை, இன்னாசியின் விளக்குதான் கூடக் கொஞ்சம் பிரகாசமாக எரிந்தது. அவர்கள் மூன்று நாள் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பேட்டரியை இங்கேயே விட்டுவிட்டு நடந்து போனார்கள்.

நோய்நொடியும் நேரம் பார்த்து வரப் பழகிற்று. டவுன் ஆஸ்பத்திரி உப்பளத்து வரப்பு வழியே காரில் ஒரு மணி நேரம். அந்த வரப்பில் பெரிய வண்டி எதுவும் போகாது, ரோட்டில் பாலவேலை நடந்ததால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதனால் மூச்சுமுட்டுகிற கிழவர்கள் மத்தியானமே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள், ஒன்பதாம் மாசக்காரிகளை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் சிலுவைத்தெருச் சவரிமுத்துவுக்கு நெஞ்சுவலி அந்தி மணிக்குப் பிறகு வந்தது. புதுப் பேட்டரி வைத்துக் கிளம்பிய கார் உப்பளம் போவதற்குள் கால் மணியில் அதைக் குடித்துவிட்டு நின்றது. தள்ளி எடுக்கிற வண்டியுமில்லை அது, மூளை மாதிரி ஒரு பெட்டி வைத்த வண்டி, அந்தப் பெட்டிக்குத் துளியாவது கரண்ட் வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தபோது சவரிமுத்துவின் கால் சில்லிட்டிருந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர்கள் வீட்டு முறை. சவரிமுத்துவின் பெண்டாட்டி மகனிடம் பேட்டரியைக் கொடுத்தனுப்பினாள்.

ஏன் இந்தக் காரில் வைத்தால் மட்டும் கடலில் எரிகிறது என்று ஊர் கேட்கவில்லை. மாதாவின் கார், மாதா எரிக்கிறாள், அவ்வளவுதான். கேட்டிருந்தால் தொபியாஸ் சொல்லியிருப்பார். ஒவ்வொரு அந்தியிலும் காரின் மூடியைத் திறந்து டெர்மினலை முடுக்கிவிட்டு, யாராவது கேட்பார்களா என்று ஒரு நிமிஷம் குனிந்தபடியே நிற்பார், பிறகு மூடியைச் சாத்துவார்.

கேட்டவள் பிலோமி. தொபியாஸின் அக்கா மகள். அக்கா செத்தபிறகு இவர் வீட்டில் வளர்ந்து, இவர் கையால் கல்யாணம் முடித்துக் கொடுத்த பெண். இன்னாசியின் வள்ளத்தில் போன நாலு பேரில் இன்னாசியும் அவர் தம்பிமார் ரெண்டு பேரும் போக, நாலாவது ஆள் அவள் புருஷன் கஸ்பார். விளக்குத் தெரிந்தபோது அவளுக்கு ஏழாம் மாசம். தினமும் கரைக்கு வந்து, விளக்கைப் பார்த்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவாள், என்ன குழம்பு வைத்தாள், பிள்ளை எந்தப் பக்கம் உதைத்தது என்பதுவரைக்கும். ஒருநாள் பகலில் கடைக்கு வந்து, ஆசிட் ஜாடிகளுக்கு நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூலையில் சாக்குப்போட்டு மூடியிருந்த ஒன்றைக் காலால் நகர்த்தினாள். பேட்டரி. மூலையில் மஞ்சள் பெயிண்டில் 'இ' என்று இருந்தது.

"இது இன்னாசி மாமா பேட்டரிலா. இது இங்க இருந்தா வள்ளத்துல எது போச்சு?"

தொபியாஸ் சொன்னார். இன்னாசி கடலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள், ஊருக்கே திருநாள், காலையில் டவுனுக்குப் போய் பூ வாங்கிவரக் கார் வேண்டும். முந்தின ராத்திரி டிக்கி சரியாகச் சாத்தாமல் உள்ளே விளக்கு எரிந்து பேட்டரி இறங்கிவிட்டது. திருநாளன்று யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்று இன்னாசியின் வள்ளத்திலிருந்து நிறைந்ததைத் தூக்கிக் காரில் வைத்தார், வள்ளத்துப் பேட்டரிப் பெட்டி காலியாக இருக்கவேண்டாம் என்று காரின் செத்த பேட்டரியைக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றி வள்ளத்தில் வைத்தார், எப்போதும் செய்கிறதுதானே. பூ வந்தது, பூசை நடந்தது. சாயங்காலம் கணவாய் பெருக்காக ஓடுகிறது என்று கேள்விப்பட்டு இன்னாசி வள்ளத்தைத் தள்ளினார். தொபியாஸ் அப்போது கோயில் பந்தலில் பந்தியில் உட்கார்ந்திருந்தார், வள்ளம் போகிறதைப் பார்த்தார், எழுந்து ஒரு கூப்பாடு போட்டிருக்கலாம், இலையில் சோறு வைத்திருந்தார்கள், ஒரு ராத்திரிக்குத் தாங்கும் என்று நினைத்தார். விடிகாலையில் ஏதோ ஒரு கப்பல் விளக்கில்லாத வள்ளத்தின்மேல் ஏறிப் போய்விட்டது. நீலப் பெயிண்ட் அடித்த மூன்று பலகை கரைக்கு வந்தது. திங்கட்கிழமை காரிலிருந்து இன்னாசியின் பேட்டரியை இறக்கி, வேறொன்றை வைத்து, இதைச் சாக்குப்போட்டு மூடினார்.

"ஊருக்கு முன்னால சொல்லணும்னு பாக்கேன். இதைக் கொண்டுபோய் அந்த விளக்குக்கிட்ட குடுத்தா கார் சரியாயிரும். எனக்குத் தெரியுது. கோளாறு அங்கதான் இருக்கு."

பிலோமி சாக்கை எடுத்துத் திரும்பவும் பேட்டரியை மூடினாள், பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

"சொல்லாதிய மாமா. சொன்னா கொண்டுபோய்க் குடுத்துருவாவ. விளக்கு அணைஞ்சிரும்."

"உன் வீட்டுக்காரனை இருட்டுல அனுப்பினவன் நான்."

"அது தெரிஞ்சாச்சு. இப்பம் வெளிச்சத்துல இருக்காவ. அப்படியே இருக்கட்டும்."

அன்றுமுதல் தொபியாஸுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னை அடிக்கவேண்டியவளே வாயைப் பொத்திவிட்டாள். ஒன்பதாம் மாசம் பிறந்ததும் டவுனுக்கு அனுப்பப் பார்த்தார், டவுனிலிருந்து கடல் தெரியாது என்று சொல்லிவிட்டாள். இனிமேல் கேட்டுப் பிரயோசனமில்லை என்று தினமும் காலையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, பிள்ளை எப்படி இருக்கிறது என்பார். பகலில் வந்துவிடு என்று அந்தப் பிள்ளையிடம் மனசுக்குள் சொல்லுவார்.

பிள்ளை கேட்கவில்லை. டாக்டர் சொன்ன நாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, அந்தி மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், கரையில் விளக்கோடு பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள், சேலை நனைந்தது, நனைந்தது வெறும் தண்ணீரில்லை. ஊர் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ரெண்டு உயிரும் தங்காது என்றாள். ஆம்புலன்ஸ் ரெண்டு மணி நேரம் என்றது. மீன் லாரி மத்தியானமே போய்விட்டது.

பிலோமியைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். லாசர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கார் பிணமாகக் கிடந்தது. விளக்கு குடிக்கிற பேட்டரியை இறக்காமல் தொபியாஸ் அதில் நிறைந்த பேட்டரி இன்னொன்றை ஏற்றினார், அதையும் குடித்துவிடக்கூடாது என்று வயரை மாட்டவில்லை. பிறகு கடைக்குப் போய்ச் சாக்கை விலக்கி, மஞ்சள் அடையாளம் போட்டதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார். காரைக் கடக்கும்போது ஜன்னல்வழியே ஒரு கை நீண்டு அவர் சட்டையைப் பிடித்தது.

"வேண்டாம் மாமா. அதை எடுக்காதிய. எனக்கு என்ன ஆனாலும் சரி."

அவர் சட்டையை விடுவித்துக்கொண்டார். லாசரிடம், கடலையே பார்த்துக்கொண்டிரு, விளக்கு அணைந்ததும் வயரை மாட்டிச் சாவியைத் திருப்பு என்று மட்டும் சொன்னார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வள்ளத்தைத் தள்ளிவிட நாலு பேர் வந்தார்கள், கூட வருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றார்.

அன்றைக்கு விளக்கு விலகவில்லை. அவர் கொஞ்சம் போவதற்குள் அது பாதி தூரம் எதிரே வந்துவிட்டது, அந்தப் பேட்டரிக்கு ரொம்ப நாளாகக் காத்திருந்தது மாதிரி. கிட்டே போனால் வள்ளம் இல்லை, கம்பம் இல்லை, தண்ணீருக்குமேலே ஆள் உயரத்தில் பச்சைப் பாட்டில் விளக்கு மட்டும் தொங்கிற்று. அதற்கு நேர்கீழே பேட்டரிப் பெட்டி மிதந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே கோயிலின் வெள்ளை அடையாளம் போட்ட பேட்டரி, அவர் கையால் வைத்தது, உப்பேறிக் கிடந்தது. வழக்கமாகச் செய்கிறபடி முதலில் கறுப்பு வயரைக் கழற்றினார், பிறகு சிவப்பை. அதைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்துவிட்டு, மஞ்சளை இறக்கினார். பெட்டி அலையில் ஆடிற்று, ஸ்பானர் நழுவிற்று. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டார்கள். ரெண்டு ஈரக் கைகள். ஒரு விரலில் பிலோமி கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு அவர் வாங்கிப் போட்ட மோதிரம் இருந்தது. தொபியாஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிவப்பை முடுக்கினார், கறுப்பை முடுக்கினார், கையால் ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. மூடியைச் சாத்தினார். அந்தக் கைகள் விட்டன.

விளக்கு ஒருதரம் ஊர் முழுக்கத் தெரிகிறமாதிரி எரிந்தது, கரையிலிருந்தவர்களின் நிழல் கோயில் சுவரில் போய் விழுந்தது. பிறகு வீடு வந்துசேர்ந்தவர்கள் அணைக்கிறமாதிரி அணைந்தது. லாசர் வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். கார் ஒரே திருப்பில் எடுத்தது.

பிலோமி பிழைத்தாள். பெண்பிள்ளை, அதுவும் பிழைத்தது. விளக்கு அணைந்த எட்டாம் நாள் நாலு பேருக்கும் மரித்தோர் பூசை வைத்து, சவப்பெட்டிக்குப் பதிலாக நாலு வேட்டியை மடித்து வைத்து அடக்கம் செய்தார்கள். பூசை முடிந்ததும் தொபியாஸ் மைக்குக்கு முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார், டிக்கி விளக்கிலிருந்து இலையில் வைத்த சோறு வரைக்கும். சவரிமுத்துவின் பெண்டாட்டி எழுந்து வெளியே போனாள், அவள் பின்னாலேயே ஒவ்வொருத்தராகப் போனார்கள்.

யாரும் அவரை அடிக்கவில்லை, ஊர்விலக்கு வைக்கவில்லை. மறுநாளும் சார்ஜுக்குப் பேட்டரி வந்தது. ஆனால் கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டுப் போகவில்லை. அவரவர் பேட்டரிக்குப் பக்கத்தில் அவரவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏறி முடிகிறவரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்து, தன்னுடையதைத் தானே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்குள் ஊரிலுள்ள எல்லாப் பேட்டரியிலும் முழுப்பெயர் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எவர் பேட்டரியும் இன்னொருவர் வள்ளத்தில் ஏறவில்லை.

முப்பதாம் நாள் பிலோமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். பிள்ளையை அவர் மடியில் கொடுத்தாள். வாசலில் நின்று கடலைப் பார்த்தபடியே சொன்னாள், "அவுகளை இருட்டுல அனுப்புனதை நான் எப்பமோ மன்னிச்சாச்சு மாமா. விளக்கை எடுத்ததைத்தான் முடியல." பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தக் கடைக்கு அவள் வரவில்லை.

கார் இப்போது தினமும் காலையில் ஒரே திருப்பில் எடுக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் புன்னைத்துறையில் வாசல் தெளிக்கிற பெண்கள் வாளியோடு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மறுபடி தெளிக்கிறார்கள். அந்தி மணி அடிக்கும்போது தொபியாஸ் லாம்பை எடுத்துக்கொண்டு வந்து, காரின் மூடியைத் திறந்து, ஒரு முனையைப் பேட்டரியில் வைத்து, மறுமுனையைக் காற்றில் கிழக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை வலிக்கிறவரைக்கும் நிற்கிறார். கோயில் படியிலிருந்து லாசர் கேட்கிறார், எரியுதா என்று.

"இல்ல" என்கிறார் தொபியாஸ். "வண்டியில ஒரு குறையும் இல்ல."